ஊசி அசையாத லைட் மீட்டர்: கோளாறு பெரும்பாலும் ஊசியில் இல்லை

கேள்வி சுருக்கமாக இதுதான். 1970-களில் வந்த, முழுக்க மெக்கானிக்கல் ஷட்டர் உள்ள ஒரு எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் ரகம்) கேமரா. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ஓரத்தில், வெளிச்சத்தை அளந்து காட்டும் லைட் மீட்டர் ஊசி இருக்கிறது. புது பேட்டரி போட்டும் அது அசையவில்லை. ஆனால் கேமராவை உள்ளங்கையில் தட்டினால் எப்போதாவது துள்ளி எழுந்து, ஒழுங்காக ஒரு அளவைக் காட்டிவிட்டு, மறுபடி விழுந்துவிடுகிறது. ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடுகிறது. மீட்டர் டிஸ்பிளேயையே மாற்ற வேண்டுமா, மேல்மூடியைக் கழற்றி நாமே சரிசெய்ய முடியுமா?

நீங்கள் சொன்ன அறிகுறியிலேயே பாதி பதில் இருக்கிறது. தட்டும்போது ஊசி எழுந்து சரியான இடத்தில் நிற்கிறது என்றால் ஊசி நன்றாக இருக்கிறது, அதை இழுக்கும் சுருள் நன்றாக இருக்கிறது, ஒளியைப் பார்க்கும் செல்லும் நன்றாகவே இருக்கிறது. மின்சாரம்தான் விட்டுவிட்டு வருகிறது. ஆகவே டிஸ்பிளேயை மாற்றும் பேச்சுக்கே இப்போது இடமில்லை. மேல்மூடியையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேமராவைத் தலைகீழாகத் திருப்புங்கள், வேலை அடிப்பக்கத்தில் இருக்கிறது.

ஷட்டர் ஓடுவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மெக்கானிக்கல் ஷட்டருக்கு பேட்டரியே தேவையில்லை. இந்த வகை கேமராவில் பேட்டரி இருப்பது மீட்டருக்காக மட்டும்தான். கேனன் ஏஇ-1 மாதிரி எலக்ட்ரானிக் ஷட்டர் உள்ளவற்றில் கதை வேறு: ஆறு வோல்ட் பேட்டரி இல்லாமல் அதன் ஷட்டர் விழவே விழாது. அங்கே ஷட்டர் ஓடி மீட்டர் மட்டும் படுத்திருந்தால், மின்சாரம் பாதி வழிவரை வந்துவிட்டது என்று அர்த்தம். உங்களுடையதில் அப்படி ஒரு சாட்சி கிடையாது.

எதையும் கழற்றுவதற்கு முன் மீட்டர் உண்மையிலேயே ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், "மீட்டர் வேலை செய்யவில்லை" என்று விற்கப்படும் கேமராக்களில் சில இந்த ஒரு காரணத்தாலேயே அந்தப் பெயரை வாங்கியவை. ஒவ்வொரு கம்பெனியும் ஸ்விட்சை ஒவ்வொரு இடத்தில் ஒளித்து வைத்தது. நிக்கான் எஃப்எம்மிலும் நிக்கோர்மாட் எஃப்டிஎன்னிலும் ஃபிலிம் நகர்த்தும் நெம்புகோலைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தால்தான் மீட்டர் விழிக்கும். ஒலிம்பஸ் ஓஎம்-1-க்கு மேலே இடது பக்கம் ஒரு ஸ்விட்ச். மினோல்டா எஸ்ஆர்டி வரிசைக்கு அடியில், பேட்டரி மூடிக்குப் பக்கத்தில். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் லென்ஸ் பக்கத்தில் உள்ள விசையை மேலே தள்ள வேண்டும். பென்டாக்ஸ் கே1000-இல் ஸ்விட்சே கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு இருட்டாக்குவதுதான் அதை அணைக்கும் வழி. மூடி போடாமல் அலமாரியில் வைத்தால் பேட்டரி தானாகக் கரைந்துகொண்டிருக்கும்.

அடுத்து பேட்டரி. "புது பேட்டரி" என்று எழுதியிருக்கிறீர்கள், சரி, ஆனால் எந்த பேட்டரி? அந்தக் காலத்து கேமராக்களில் பெரும்பகுதி 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை, பிஎக்ஸ்625 என்பது அவற்றில் பரவலாக இருந்த ரகம். பாதரசம் நச்சு என்பதால் அவை சந்தையை விட்டே போய்விட்டன. அமெரிக்காவில் 1996-இல் வந்த சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று அதே உருவத்தில் கிடைக்கும் 625 அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கி, பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போகும். ஊசி அசையாமல் போவதற்கு இது காரணம் இல்லை. ஊசி பொய் சொல்வதற்கு இது காரணம். அதனால் இதைக் கடைசியில் அளவு சரிபார்க்கும்போது பேசலாம். இப்போதைக்கு உங்கள் பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்பது மட்டும் தெரிந்தால் போதும். மல்டிமீட்டரில் வோல்ட் பாருங்கள். கூடவே பேட்டரி மூடி, அறையின் திருகுமரை இரண்டிலும் அழுக்கு இல்லையா, பேட்டரி நேர்முனை எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் பார்க்கிறதா என்பதையும் பாருங்கள்.

பழைய கேமராவைத் திறந்தபோது உள்ளே பாதரச பேட்டரியே கிடந்தால் அதை உடைக்காமல், குப்பைத்தொட்டியில் போடாமல், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்போது அசல் இடத்துக்கு வருவோம். பேட்டரி அறையை டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் இருக்கும் தகடோ ஸ்பிரிங்கோ பளபளவென்று இருக்க வேண்டும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ இருந்தால் அது செம்பில் ஏறிய களிம்பு. அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். காரத்தை முறிக்க மெல்லிய அமிலம் வேண்டும், வெள்ளை வினிகர் போதும். பஞ்சுக்குச்சியின் நுனியை வினிகரில் தொட்டு, சொட்டாதபடி பிழிந்து, உப்பு படிந்த இடத்தில் மட்டும் ஒற்றுங்கள். லேசாக நுரைக்கலாம். நுரை அடங்கியதும் வேறு பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் தண்ணீர், அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். வினிகரை அறைக்குள் ஊற்றிவிடாதீர்கள். அறையின் ஓட்டை வழியாக அது உள்ளே இறங்கினால் காரம் செய்ததைவிட மோசமாக அமிலம் செய்யும். கையுறை போட்டுக்கொள்வதும், கண்ணைத் தேய்க்காமல் இருப்பதும் நல்லது.

உப்பு போன பிறகும் தகடு கருத்திருந்தால் சாதாரண பென்சில் ரப்பரால் தேயுங்கள். கண்ணாடி இழை பேனா இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதன் துகள் விரலில் ஏறினால் எளிதில் வெளியே வராது. மணல்தாள் வேண்டாம். தகட்டின் மேலே மெல்லிய நிக்கல் பூச்சுதான் இருக்கிறது, அதை உரித்துவிட்டால் கீழே உள்ள பித்தளை ஆறு மாதத்தில் மறுபடி கருத்துவிடும். மூடியின் உட்புறத்தை மறக்காதீர்கள். பல கேமராக்களில் மூடிதான் ஒரு முனை. மின்சாரம் மூடியிலிருந்து திருகுமரை வழியாக உடலுக்குப் போகிறது. அறை பளிச்சென்று இருந்து, மரையில் மட்டும் உப்பு ஒட்டியிருந்தாலும் மீட்டர் எழாது.

இவ்வளவு செய்து பேட்டரியைப் போட்டதும் ஊசி எழுந்துவிட்டால் வேலை முடிந்தது. எழவில்லை, அல்லது இன்னும் தட்டினால்தான் எழுகிறது என்றால் அடித்தகட்டைக் கழற்றுங்கள். சில திருகுகள்தான். ஆனால் ஸ்க்ரூடிரைவர் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியக் கேமராத் திருகுகள் பிளஸ் மாதிரி தெரிந்தாலும் அவை ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. வழக்கமான பிலிப்ஸ் முனை அதில் முழுசாக உட்காராமல் வழுக்கி, திருகின் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனை தனியாகவே கிடைக்கிறது, அதை வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

அடித்தகடு போனதும் பேட்டரி அறையின் முதுகு தெரியும். அதிலிருந்து ஒரு வயர் மேலே போகும். அந்த வயர்தான் என் முதல் சந்தேகம். பேட்டரி கசிந்த கேமராவில் களிம்பு வயரின் பிளாஸ்டிக் உறைக்குள்ளே, செம்பு இழைகளின் இண்டு இடுக்கு வழியாக, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே ஏறியிருக்கும். வெளியே பார்த்தால் வயர் அப்படியே இருக்கும். சோல்டர் பண்ணிய இடத்தில் உறையை ஒரு மில்லிமீட்டர் சீவிப் பாருங்கள். செம்பு நிறம் தெரிந்தால் தப்பித்தது. கரும்பச்சை தெரிந்தால் முழு வயரையும் மாற்றிவிடுங்கள். முனையை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி சோல்டர் பண்ணலாம் என்று தோன்றும். களிம்பு ஏறிய செம்பில் ஈயம் பிடிக்காது, உருண்டையாக உருண்டு விழும். ஃபிளக்ஸ் போட்டு வம்படியாக ஒட்டவைத்தாலும் மேலே மிச்சம் இருக்கும் வயர் உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருக்கும்.

மல்டிமீட்டர் ஏமாற்றும் இடமும் இந்த வயர்தான். பேட்டரியைப் போட்டு, வயரின் மேல் முனையில் வோல்ட் அளந்தால் அழகாக 1.5 காட்டும். "வயர் நல்லா இருக்கு, மீட்டர்தான் போச்சு" என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் தடை பொதுவாக 10 மெகா ஓம். அது இழுக்கும் மின்சாரம் அவ்வளவு குறைவு என்பதால், அரித்துப்போன வயரில் 10,000 ஓம் தடை இருந்தாலும் அளவில் தெரியாது. சுமை கொடுத்து அளக்க வேண்டும். வயரின் மேல் முனைக்கும் பேட்டரியின் மறுமுனைக்கும் நடுவே தற்காலிகமாக ஒரு 1,000 ஓம் ரெசிஸ்டரைப் பிடித்துக்கொண்டு, அந்த ரெசிஸ்டரின் இரு முனைகளில் வோல்ட் பாருங்கள். வயர் நல்லதென்றால் 1.5 வோல்ட் அப்படியே இருக்கும். வயரில் 10,000 ஓம் ஒளிந்திருந்தால் பதினொன்றில் ஒரு பங்கு, அதாவது 0.14 வோல்ட்தான் மிஞ்சும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நல்ல ஊசிகளைக் கழற்றிப் போட்டவர்கள் நிறைய.

அளக்கும்போது எந்த முனை கேமரா உடலோடு சேர்ந்திருக்கிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்முனைதான் எப்போதும் உடல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நேர்முனை உடலோடு சேரும் வடிவமைப்புகளும் உண்டு.

வயர் மாற்றுவதற்கு 0.25 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய வயர் போதும். உறை டெஃப்லான் ரகமாக இருந்தால் சூட்டில் சுருங்காது. தடித்த வயரை நுழைத்தால் அடித்தகடு மூடாது, அல்லது ஏதோ ஒரு பல்சக்கரத்தில் போய் உரசும். சோல்டரிங் அயர்ன் 25, 30 வாட் மெல்லிய முனையாக இருக்கட்டும். பேட்டரி அறையின் பிளாஸ்டிக் இளகுவதற்கு முன் ஒட்டி எடுத்துவிட வேண்டும், அதாவது ஓரிரு நொடி. பழைய வயர் எந்தப் பாதையில் போனதோ அதே பாதையில் புதிதை விடுங்கள். கழற்றுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். ஷட்டரைச் சில தடவை இழுத்து விட்டுப் பார்த்து, எந்த நகரும் பாகமும் வயரைத் தொடவில்லை என்று உறுதி செய்த பிறகு மூடுங்கள்.

நீங்கள் சொன்ன கோளாறு அநேகமாக இங்கேயே முடிந்துவிடும். இருந்தாலும் ஊசியே கெட்டிருந்தால் எப்படி அறிவது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேட்டரியை எடுத்துவிட்டு வியூஃபைண்டரைப் பார்த்துக்கொண்டே கேமராவை மணிக்கட்டை அசைத்து மெதுவாகத் திருப்புங்கள். நல்ல ஊசி நிலைகொண்ட இடத்தில் லேசாகத் துடித்து, மறுபடி அதே இடத்துக்கு வந்து அடங்கும். துடிப்பே இல்லையென்றால் எங்கோ சிக்கியிருக்கிறது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் ஒரு பக்கமும் படுக்கவைத்தால் இன்னொரு பக்கமும் தொங்கிப்போனால் நிலைமை மோசம்: கீழே விழுந்த அதிர்ச்சியில் சுருளின் அச்சு கல்தாங்கியிலிருந்து நழுவியிருக்கும், இல்லையேல் மயிரிழை ஸ்பிரிங் அறுந்திருக்கும்.

இந்த ஊசியின் உள்ளமைப்பு எளியது. ஒரு நிலைக்காந்தம், அதன் இடைவெளியில் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய சுருள், சுருளைப் பிடித்து இழுக்க இரண்டு மயிரிழை ஸ்பிரிங்குகள். சுருளுக்குள் மின்சாரம் போவதும் வருவதும் அந்த ஸ்பிரிங்குகள் வழியாகத்தான். ஊசியை முழு தூரம் நகர்த்தத் தேவைப்படுவது மைக்ரோ ஆம்பியர் கணக்கிலான மின்சாரம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து நேராக இதன் முனைகளில் தொடாதீர்கள். ஓம் அளக்க மல்டிமீட்டர் தானே மின்சாரம் அனுப்புகிறது. டிஜிட்டலின் குறைந்த அளவில் அது ஒரு மில்லி ஆம்பியர் வரை போகலாம், பழைய ஊசி மல்டிமீட்டரில் அதைவிடப் பல மடங்கு. கேமரா ஊசி சுவரில் மோதியதுபோலப் போய் அடித்து வளையும், அல்லது ஸ்பிரிங் சூடேறி இழுவையை இழக்கும்.

சரியான சோதனை இது. மீட்டரின் ஒரு வயரை மட்டும் சோல்டரிலிருந்து விடுவித்து மின்சுற்றிலிருந்து பிரியுங்கள். ஒரு 1.5 வோல்ட் பேட்டரியோடு 1 மெகா ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து மீட்டர் முனைகளில் தொடுங்கள். 1.5 மைக்ரோ ஆம்பியர்தான் போகும், ஊசி அசைந்தாலும் அசையாவிட்டாலும் ஆபத்து இல்லை. அடுத்து 100 கிலோ ஓம், இப்போது 15 மைக்ரோ ஆம்பியர். அப்புறம் 47 கிலோ ஓம், அது 32. ஊசி முழு தூரம் போனதும் நிறுத்திவிடுங்கள். எதிர்ப்பக்கம் நகர முயன்றால் முனைகளை மாற்றுங்கள். படிப்படியாக ஏறி, விட்டதும் அதே இடத்துக்கு இறங்கினால் ஊசி பரிபூரண ஆரோக்கியம். எதற்குமே அசையவில்லை, ஆனால் கையால் திருப்பும்போது துடிக்கிறது என்றால் சுருளோ ஸ்பிரிங்கோ அறுந்திருக்கிறது. பாதி வழியில் தயங்கி, தட்டினால் தாண்டிப் போனால் அழுக்கு.

அழுக்கு இரண்டு வகை. ஒன்று, காந்தத்தின் இடைவெளியில் ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள். ஊதினால் போகாது, காந்தம் விடாது. பல்குச்சி நுனியில் சுவரொட்டி ஒட்டும் பிசின்களிமண்ணைக் கொஞ்சம் உருட்டி வைத்து, துகளைத் தொட்டு எடுக்க வேண்டும். இன்னொன்று பிரிஸத்தை, அதாவது வியூஃபைண்டருக்குக் காட்சியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியை, சுற்றி வைத்த பஞ்சுரப்பர். நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அது கருப்புப் பிசினாக உருகி, துணுக்குத் துணுக்காக உதிர்ந்து ஊசியின் வழியில் உட்கார்ந்துகொள்ளும். ஆல்கஹால் தொட்ட பல்குச்சியால் அதை வழித்தெடுக்கலாம். பிரிஸத்தின் வெள்ளிப்பூச்சில் மட்டும் கை வைக்காதீர்கள். உருகிய பஞ்சு அந்தப் பூச்சையும் தின்றிருந்தால் துடைக்கத் துடைக்க உரியும். எது எப்படியோ, அச்சில் எண்ணெய் விடவே கூடாது. கல்தாங்கியும் எஃகு முனையும் காய்ந்தே ஓட வேண்டியவை. எண்ணெய் விட்ட அன்று நன்றாக ஓடும், பிறகு தூசியைச் சேர்த்துக்கொண்டு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஊசிக்கு முன்னால் பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கும் கேமராக்களில், காய்ந்த துணியால் அதைத் தேய்த்தால் நிலைமின்னூட்டம் ஏறி ஊசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பார்த்தால் மீட்டர் செத்துப்போனது போலவே இருக்கும். வாயால் ஊதி ஈரப்படுத்தினால் விட்டுவிடும்.

இதற்கெல்லாம் மேல்மூடியைத் திறக்க வேண்டும். திறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முழு மெக்கானிக்கல் எஸ்எல்ஆர் என்றால், பொறுமை இருந்தால், திறக்கலாம். ஏஇ-1 காலத்து எலக்ட்ரானிக் கேமராக்களில் மேல்மூடிக்கு அடியில் முழுக்க நெளியும் மின்சுற்றுத் தாள்கள். ஒன்று கிழிந்தால் கேமராவே போய்விடும். அதைப் பழகியவரிடம் கொடுப்பதே மேல். ஃபிளாஷ் உள்ளேயே பொருத்திய சிறிய கேமரா என்றால் அனுபவம் இல்லாமல் தொடவே வேண்டாம். அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம், பேட்டரியை எடுத்த பிறகும் தங்கியிருக்கும்.

திறப்பவர்களுக்கு இரண்டு மூன்று சங்கதிகள் மட்டும். ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் கைப்பிடியைக் கழற்ற, பின்கதவைத் திறந்து உள்ளே இருக்கும் கவையில் ஒரு மரக்குச்சியைக் குறுக்கே கொடுத்துப் பிடித்துக்கொண்டு மேலே திருக வேண்டும். சில திருகுகள் இடமரை, அதாவது மூடும் திசையில் திருகினால்தான் கழலும். வராத திருகை மல்லுக்கட்டுவதற்கு முன் எதிர்ப்பக்கம் முயன்று பாருங்கள். ஷட்டர் வேக டயலைக் கழற்றுவதற்கு முன் அது எந்த எண்ணில் நின்றது என்று படம் எடுங்கள். மூடியைத் தூக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஃபிளாஷ் மாட்டும் இடத்திலிருந்து வயர் உள்ளே போகும். மினோல்டா எஸ்ஆர்டி மாதிரி கேமராக்களில் மீட்டரை இணைக்க நூலும் கப்பியும் வைத்திருப்பார்கள். நூல் கப்பியிலிருந்து கழன்றால் அதை மறுபடி மாட்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

உங்கள் அறிகுறிக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கோளாறு: ஊசி பேட்டரிக்கு எழுகிறது, ஆனால் ஷட்டர் டயலையோ அபர்ச்சர் வளையத்தையோ திருப்பும்போது சீராக நகராமல் குதிக்கிறது. இது வயர் இல்லை, தடை வளையம். டயலுக்கு அடியில் வளைவாக ஒரு கரிப்பூச்சுத் தடம், அதன்மேல் உரசிப் போகும் மெல்லிய பித்தளைத் தூரிகை. நாளாக ஆக இரண்டுக்கும் நடுவே அழுக்குப் படிகிறது. திறக்காமலே செய்யக்கூடிய வைத்தியம், டயலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஐம்பது நூறு தடவை திருப்புவது. வெகுநாள் சும்மா கிடந்த கேமராக்களில் இதுவே பெரும்பாலும் போதும். போதாவிட்டால் திறந்து, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் தடத்தை ஒரே திசையில் மெதுவாகத் துடைக்கலாம். ரப்பரோ கண்ணாடி இழை பேனாவோ இங்கே கூடாது. பேட்டரித் தகட்டுக்கு நல்லது செய்த அதே ரப்பர் கரிப்பூச்சை அழித்துவிடும், அழிந்த கரியைத் திரும்பப் பூச வழியில்லை.

ஒளி செல்லைச் சோதிப்பது சுலபம். சிடிஎஸ் செல் என்பது ஒளி பட்டால் தடை குறையும் பொருள். இதற்கு மட்டும் மல்டிமீட்டர் ஓம் அளவு பாதுகாப்பானது, செல்லைச் சுற்றிலிருந்து பிரித்த பிறகு. வெளிச்சத்தில் குறைந்த ஓம், விரலால் மூடினால் சரசரவென்று லட்சக்கணக்கில் ஏற வேண்டும். ஏறினால் அது உயிரோடு இருக்கிறது. பிரகாசமான வெளிச்சத்தைப் பார்த்த செல் உடனே இருட்டுக்குப் பழகாது, சற்று நேரம் பழைய ஞாபகத்திலேயே இருக்கும். அது கோளாறு அல்ல, சிடிஎஸ்ஸின் சுபாவம்.

ஊசி இல்லாத கேமரா வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. நிக்கான் எஃப்எம், பென்டாக்ஸ் எம்எக்ஸ் போன்றவற்றில் ஊசிக்குப் பதில் எல்ஈடி விளக்குகள். எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தால் மேலே சொன்ன அதே பேட்டரி, வயர், ஸ்விட்ச் கதைதான். ஒன்று மட்டும் எரியாவிட்டால்தான் அந்த விளக்கையோ அதன் சோல்டரையோ சந்தேகப்பட வேண்டும். எல்ஈடி தானாகச் சாவது அபூர்வம். 1980-இல் வந்த நிக்கான் எஃப்3 மாதிரி எல்சிடி உள்ளவற்றில், எண்களில் ஒரு கோடு மட்டும் காணாமல் போனால் கண்ணாடிக்கும் சுற்றுக்கும் நடுவே உள்ள தொடர்பைச் சுத்தம் செய்து பார்க்கலாம். கண்ணாடியில் மை சிந்தியதுபோல கருப்புத் திட்டு பரவியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, வேறு கேமராவிலிருந்து எடுத்து மாற்றுவது ஒன்றே வழி. செலினியம் மீட்டர் பேட்டரியே இல்லாமல் ஓடுவது. அதில் செல் தளர்ந்துவிட்டால் மீட்க முடியாது. ஆனால் தளர்ந்தது செல்லா, அதன் தொடர்புத் தகடா என்பதைப் பார்க்காமல் கைவிட வேண்டாம்.

ஊசி எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது சொல்வது நிஜமா? இப்போது பேட்டரிக் கதைக்குத் திரும்ப வேண்டும். 1.35 வோல்ட்டுக்கு அமைத்த எளிய சுற்றில் 1.5 கொடுத்தால் ஊசி தேவைக்கு மேல் எழும். கேமரா வெளிச்சம் அதிகம் என்று நம்பும், நீங்கள் ஒளியைக் குறைப்பீர்கள், நெகட்டிவ் மெலிந்து வரும். ஒரு ஸ்டாப்போ (ஒளி இரண்டு மடங்காகவோ பாதியாகவோ மாறும் ஒரு படி) அதற்கு மேலோ பிசகலாம், வெளிச்சத்துக்கு வெளிச்சம் பிசகும் அளவும் மாறும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் இதில் தப்பித்தது. அதன் சுற்று சமநிலைப் பாலம், ஊசி நடுவில் நிற்கும்போது பேட்டரி எத்தனை வோல்ட் என்பது பொருட்டே இல்லை. உங்கள் கேமரா அந்த ரகம் இல்லையென்றால் இரண்டு நல்ல வழிகள் உண்டு. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 ரக துத்தநாகக் காற்று பேட்டரி 1.4 வோல்ட் தரும். அது 11.6 மில்லிமீட்டர் அகலம், பிஎக்ஸ்625 அறையோ கிட்டத்தட்ட 16. சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டு நடுவில் நிறுத்த வேண்டும். ஸ்டிக்கரைப் பிரித்த நாளிலிருந்து சில வாரம், மிஞ்சினால் ஓரிரு மாதம் ஓடும். இரண்டாவது, 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு பேட்டரியோடு ஒரு ஷாட்கி டையோடு. டையோடு சுமார் 0.2 வோல்ட்டைத் தின்றுவிடும், மிச்சம் 1.35. சில்வர் ஆக்சைடு சாகும்வரை ஒரே அளவில் நிற்கும் என்பதால் எனக்கு இதுவே பிடித்த வழி. டையோடு வைத்த அடாப்டர்கள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. வயர் மாற்றும்போதே டையோடையும் உள்ளே சோல்டர் பண்ணிவிட்டால் அடாப்டரும் தேவையில்லை.

சரிபார்க்க ஒரு டிஜிட்டல் கேமரா போதும். நிழல் விழாத, ஒரே நிறச் சுவரைக் காட்சி முழுக்க நிரப்பி, இரண்டு கேமராவையும் ஐசோ 100-இல் வைத்து ஒப்பிடுங்கள். ஒரே ஒரு வெளிச்சத்தில் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். வெயிலில் எஃப்/16, 1/125 அளவில் ஒன்று, நிழலில் எஃப்/8, 1/60 அளவில் ஒன்று, அறைக்குள் எஃப்/4, 1/30 அளவில் ஒன்று என மூன்று இடமாவது வேண்டும். மூன்றிலும் ஒரே மாதிரி, உதாரணமாக ஒரு ஸ்டாப், தள்ளிக் காட்டினால் எதையும் திறக்காதீர்கள். ஐசோ டயலை ஒரு ஸ்டாப் மாற்றி வைத்துக்கொண்டு படம் எடுங்கள். வெயிலில் சரியாகவும் அறைக்குள் தப்பாகவும் காட்டினால் பேட்டரி வோல்ட் தவறு, அல்லது செல் வயதாகிவிட்டது. உள்ளே திருகிச் சரிசெய்யும் சிறு தடைகள் இருக்கும், ஒன்று அதிக வெளிச்சத்துக்கு, ஒன்று குறைந்த வெளிச்சத்துக்கு. ஒன்றைத் தொட்டால் மற்றதும் நகரும். தொடுவதற்கு முன் அது நின்ற கோணத்தை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொண்டால் தப்பானாலும் பழைய இடத்துக்கு வரலாம்.

கடைசியாக, சோதனையில் சுருள் அறுந்தது உறுதியானால் அதைச் சுற்றிச் சரிசெய்யும் யோசனையை விட்டுவிடுங்கள். அதே மாடலில் ஷட்டர் போன கேமரா ஒன்றை வாங்கி அதன் ஊசிக்கூட்டை மாற்றலாம். முடிந்தால் அதன் ஒளி செல்லையும் தடை வளையத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்துச் சரிசெய்யப்பட்டவை, ஊசி மட்டும் வந்தால் அளவு சரிபார்ப்பை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.